கோடு இருந்த இடத்தில் ஓர் எண்

அத்தியாயம் 17

மகன் லோவலின் மேல்கோட்டில் ஒட்டியிருந்த சேற்றைத் துடைக்க எடுத்துப் போன மார்லிஸ், சேற்றோடு நிற்காமல் அதன் பையையும் துடைத்தாள் என்பது சென்ற வாரமே நமக்குத் தெரிந்துவிட்டது. பைக்குள் போஸ்மன் நகரத்து எஞ்சினியரிங் கம்பெனி ஒன்றின் கடிதம். வாரத்துக்கு ஆயிரத்து ஐந்நூறு டாலர் தருகிறோம், வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் பதில் சொல்லவும்.

படித்ததை அவள் யாரிடமும் சொல்லவில்லை. மார்லிஸ் ஓப்ஸ்டாட் ஒரு சங்கதியை நான்கு நாள் முழுசாக வாய்க்குள் வைத்திருந்தது ஆல்டர் ஃபெரி ஊரின் சரித்திரத்தில் இதுதான் முதல் தடவை. சொன்னால் பையைத் துழாவியது வெளியே வந்துவிடுமே!

இன்று அந்த வெள்ளிக்கிழமை.

ஓப்ஸ்டாட் நில அளவை அலுவலகத்தில் மொத்தம் ஏழு பேர். முதலாளி ஆர்டன், மார்லிஸின் கணவர். அறுபத்து நான்கு வயது, ஒன்றரை முழங்கால். லைசென்ஸ் உள்ள ஒரு சர்வேயரின் கையெழுத்து இல்லாமல் எந்த வரைபடமும் பதிவாகாது. அந்தக் கையெழுத்து இப்போதைக்கு ஆர்டனுடையது. அக்டோபரில் லோவல் பரீட்சை எழுதித் தேறிவிட்டால் அது அவனுடையது. அவன் போய்விட்டால், ஆர்டனின் முழங்கால் என்றைக்கு மடங்க மறுக்கிறதோ அன்றைக்கே அலுவலகத்தையும் மூட வேண்டியதுதான். பேத்தி வேறு நான்கு மணி நேரக் கார்ப் பயணத்துக்கு அப்பால் போய்விடுவாள்.

காலை எட்டே முக்காலுக்கு வாசலில் ஒரு மஞ்சள் பள்ளிக்கூடப் பஸ் வந்து நின்றது. பிள்ளைகளை இறக்கிவிட்ட கையோடு வந்திருந்தாள் ஓட்டுநர், அதாவது மருமகள் கோரின். கையில் உள்ளூர் வாரப் பத்திரிகை.

"மார்லிஸ், இது என்னன்னு கொஞ்சம் சொல்றீங்களா?"

மூன்றாம் பக்கத்தை மேசைமேல் விரித்தாள். மாநிலம் முழுக்கத் தொழில்முறை, தொழில்நுட்பச் சேவைகளில் சம்பளம் ஏறிக்கொண்டே போகிறதாம். மாநிலத் தலைநகர் ஹெலினாவிலிருந்து வந்த அறிக்கை. கீழே மாவட்டவாரியாகப் பட்டியல்.

மார்லிஸுக்கு அந்தப் பட்டியல் பழைய சிநேகம். தங்கள் கார்ன்வெல் மாவட்டத்துக்கு நேராகப் பதினோரு வருடமாக ஒரு சின்னக் கோடுதான் இருக்கும். ஒரு மாவட்டத்தில் இந்த வகைச் சேவையில் மூன்று நிறுவனமாவது இல்லையென்றால் எண்ணை அச்சிட மாட்டார்கள். ஒருவர் சம்பளத்தை இன்னொருவர் மோப்பம் பிடித்துவிடக் கூடாது என்று சட்டம். கார்ன்வெல்லில் இருந்தது இரண்டே இரண்டு. இவர்கள் அலுவலகம், அடுத்த கதவில் வருமான வரிக் கணக்கு எழுதித் தரும் வெர்னாவின் கடை. வக்கீலும் இதே வகைதான், ஆனால் வக்கீல் வேண்டுமென்றால் பக்கத்து மாவட்டத்துக்குத்தான் ஓட வேண்டும்.

இந்த வாரம் கோட்டைக் காணோம். மூன்று நிறுவனங்கள், பத்து ஊழியர்கள், வாரச் சராசரிச் சம்பளம் 2,020 டாலர் என்று போட்டிருந்தது.

"ரெண்டாயிரத்து இருபது," என்றாள் கோரின். "லோவலுக்கு நீங்க தர்றது ஆயிரத்து நூத்தம்பது. மிச்சம் எங்க போகுது? மாமா முழங்காலுக்கா?"

"கோரின், இந்தக் கட்டடத்துல யாரும் ரெண்டாயிரம் வாங்கல. உன் மாமனாரே வாங்கல."

"அப்ப கவர்மென்ட் பொய் சொல்லுதா?"

"அந்த எண்ணைப் போட்டதே உன் நாத்தனார்தான்! சிக்னி பொய் சொல்லுவாளா?"

"அதைத்தான் நானும் கேக்கறேன். அவ பொய் சொல்ல மாட்டா. அப்ப யாரு?"

மார்லிஸ் பட்டியலை மறுபடி படித்தாள்.

"காலையில பஸ்ல ஏறுது ஒரு ரெண்டாங்கிளாஸ் வாண்டு. 'நீங்க பெரிய பணக்காரங்களாமே, அப்புறம் ஏன் பஸ் ஓட்டறீங்க'ன்னு கேக்குது. நான் என்ன பதில் சொல்றது? இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள..." கோரின் சட்டென்று நிறுத்தினாள்.

"அஞ்சு மணிக்குள்ள என்ன?" என்றாள் மார்லிஸ். உலகத்தில் கடிதம் என்று ஒன்று உண்டு என்பதே தெரியாத முகம்.

"ஒண்ணுமில்ல. எண்ணெய் மாத்தணும். பஸ்ஸுக்கு."

மஞ்சள் பஸ் உறுமிக்கொண்டு புறப்பட்டது. அதற்கு எண்ணெய் மாற்றி ஒரு வாரம்கூட ஆகவில்லை என்பது மார்லிஸுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாதது இந்த ஊரில் குறைவு.

உடனே ஹெலினாவில் புள்ளிவிவர அலுவலகத்தில் இருக்கும் மகளுக்குப் போன் போட்டாள்.

"அம்மா, ஆபீஸ் நம்பர்ல கூப்பிடாதேன்னு எத்தனை தடவை சொல்றது?" என்றாள் சிக்னி.

"குடும்பத்துல ஒரு அவசரம்டி."

"ஐயோ, யாருக்கு என்ன?"

"சராசரிக்குத்தான். நம்ம மாவட்டத்துக்கு ஒரு எண் போட்டியே, எங்கேருந்து பிடிச்ச?"

மறுமுனையில் பெருமூச்சு. "மூணு நிறுவனம் ஆயிடுச்சுன்னா போடுவோம். அதுக்கு மேல நான் பேசக் கூடாது."

"மூணாவது யாரு?"

"சொல்ல முடியாது."

"நான் சொல்றேன். சரின்னா நீ இருமு."

"இரும மாட்டேன்."

"ஏரிக்கரை வீட்டு மெரிக். சியாட்டில்லேருந்து வந்து, ஜன்னலுக்குப் பக்கத்துல கம்ப்யூட்டரை வச்சுக்கிட்டு ராஜா மாதிரி உக்காந்திருக்கானே. தன் பேர்லயே கம்பெனி, தனக்குத்தானே சம்பளம்."

ஹெலினாவில் சத்தமே இல்லை.

"என்னடி, சத்தத்தைக் காணோம்?"

"நான் சும்மா இருந்தா அதுக்கு ஒரு அர்த்தம் கண்டுபிடிக்காதே. காப்பி குடிச்சேன்."

"நல்ல காப்பியா?"

"அம்மா!" கொஞ்சம் பொறுத்து சிக்னியே குரலை இறக்கிச் சொன்னாள்: "சராசரியைப் பாத்து ஏமாறாதே. பத்துப் பேர் இருக்கற இடத்துல ஒருத்தன் ஒசந்துட்டா மொத்தக் கூட்டமும் ஒசந்த மாதிரித் தெரியும். நீ பாக்க வேண்டியது வேற எண். மாநிலத்துல இருக்கற சர்வேயருங்களைச் சம்பள வரிசைப்படி நிக்க வச்சா, நட்ட நடுவுல நிக்கறவன் என்ன வாங்கறான்? அது ஊர் உலகத்துக்கே போட்ட எண். அதை நான் தாராளமாச் சொல்லலாம்."

"சொல்லேன்."

"லோவல் மாதிரி ஏழு வருஷம் வேலை பாத்து, லைசென்ஸ் வாங்கப் போற ஆளுக்கு ஆயிரத்து நானூத்தம்பது. மூணு வருஷமா ஏறிக்கிட்டே இருக்கு. வீடு கட்டறவங்க வந்து குவியறாங்க. அளந்து குடுக்க ஆள் இல்ல." பிறகு அப்பாவி போலக் கேட்டாள்: "ஏம்மா, நீங்க அவனுக்கு எவ்வளவு தர்றீங்க?"

"சொல்ல முடியாது. சட்டம்," என்று மார்லிஸ் போனை வைத்துவிட்டாள்.

பத்து மணிக்கு அடுத்த கதவு திறந்தது. வெர்னா காரமெல் ரோல் என்கிற இனிப்பு பன் இரண்டைத் தட்டில் வைத்து எடுத்து வந்தாள். முப்பது வருடமாக இந்த நேரத்துக்கு அந்தக் கதவு திறக்கிறது. மழையைப் பற்றிப் பேசுவார்கள், மாதா கோவில் சாப்பாட்டைப் பற்றிப் பேசுவார்கள், யார் வீட்டுப் பெண் யாரோடு காரில் போனாள் என்று விலாவாரியாகப் பேசுவார்கள். சம்பளத்தைப் பற்றி மட்டும் பேசியதில்லை. நார்வேயிலிருந்து வந்து குடியேறிய இந்த ஊர்க் குடும்பங்களில் சம்பளத்தை வாய்விட்டுச் சொல்வது உள்ளாடையைக் கொடியில் தெருப்பக்கம் காயப்போடுவது மாதிரி.

இன்று கொடி தெருப்பக்கம் திரும்பியது.

"வெர்னா, உனக்கும் உன் அக்கா பொண்ணுக்கும் வாரத்துக்கு எவ்வளவு?"

வெர்னாவின் ரோல் பாதி வழியில் நின்றது. "என்னடி கேள்வி இது?"

"பேப்பர் பாத்தியா?"

"பாத்தேன். பாத்ததுலேருந்து என் அக்கா பொண்ணு என்னை ஒரு மாதிரிப் பாக்கறா." வெர்னா கதவைச் சாத்திவிட்டு வந்தாள். "ஆளுக்குத் தொள்ளாயிரம். போதுமா?"

மார்லிஸ் ஒரு பழைய வரைபடத்தைத் திருப்பிப் போட்டு அதன் முதுகில் எழுதினாள். பத்துப் பேர், சராசரி 2,020, மொத்தம் 20,200. வெர்னா கடைக்கு 1,800. தன் அலுவலகத்து ஏழு பேரையும் ஒருவர் கீழ் ஒருவராக எழுதிக் கூட்டினாள். 8,400. கழித்தாள். நம்பாமல் மறுபடி கழித்தாள்.

"பத்தாயிரம்," என்றாள்.

"வருஷத்துக்கா?"

"வாரத்துக்கு!"

வெர்னா காகிதத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "அந்த மனுஷன் போன வாரம் கடையில எனக்கு முன்னாடி நின்னு முட்டைக்குத் தள்ளுபடிச் சீட்டு நீட்டினான்டி! நாப்பது சென்ட்டுக்கு!"

"அதனாலதான் அவன்கிட்ட பத்தாயிரம் இருக்கு."

இரண்டு பேரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். மூன்று நிறுவனம் இருந்தால் ரகசியம் தப்பித்துவிடும் என்று சட்டம் எழுதியவர்கள், அதில் இரண்டுக்கு நடுவில் ஒரு கதவும் காரமெல் ரோலும் இருக்கும் என்று நினைத்துப் பார்க்கவில்லை போலிருக்கிறது.

"இது தப்போ?" என்றாள் வெர்னா.

"நாம என்ன திருடினோமா? கழித்தல் போட்டோம்."

மார்லிஸுக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. கோரின் வரட்டும், இந்தக் காகிதத்தைக் காட்டினால் போதும் என்று நினைத்தாள். அதற்குள் வெர்னாவின் விரல், வெண்ணெய்ப் பிசுக்கோடு, ஏழு பேர் வரிசையில் இறங்கி ஓரிடத்தில் நின்றது.

"ட்யூயிக்கு ஆயிரத்து இருநூத்து நாப்பதா? கருவியைத் தோள்ல தூக்கிட்டுப் போறவனுக்கு உன் மகனைவிடத் தொண்ணூறு டாலர் கூடவா?"

"லோவலுக்கென்ன, ஆபீஸே ஒருநாள் அவன் கைக்கு வரப்போகுது."

சொல்லி முடித்ததும் மார்லிஸுக்கே அந்தக் குரல் எங்கேயோ கேட்டது போலிருந்தது.

"உன் மாமனார் இதையேதான் ஆர்டனுக்குச் சொன்னாரு," என்றாள் வெர்னா. "நீ சிக்னியை இடுப்புல வச்சுக்கிட்டு என் கடையில உக்காந்து அழுத. 'ஒருநாள், ஒருநாள்ங்கறாரே, அந்த ஒருநாளைக் கடையில குடுத்தா டயப்பர் தருவானா'ன்னு கேட்ட. நான் மறக்கல."

வெர்னா தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். ரோலில் பாதி அப்படியே இருந்தது.

சம்பளப் பட்டியல் பன்னிரண்டு மணிக்குள் வங்கிக்குப் போயாக வேண்டும். எழுதுவது மார்லிஸ். எவ்வளவு என்பது மட்டும் ஆர்டன் வேலை. அதையும் அவர் என்றோ ஒருநாள் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்ததோடு சரி. அதன்பின் இருவரும் அதைப் பற்றி வாய் திறந்ததில்லை. கேட்கலாம் என்றால் ஆர்டனும் லோவலும் கணவாய்க்கு அந்தப் பக்கம், பழைய எல்லைக் கல் ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தார்கள். அங்கே போன் எடுக்காது.

பதினொன்றரைக்கு அவள் லோவலின் 1,150-ஐ ஒரு கோட்டால் அடித்தாள்.

அடித்தபின் வந்தது சங்கடம். 1,500 என்று எழுதினால் கடிதத்தைப் படித்தது தெரிந்துபோகும். அந்த எண் அந்தக் கடிதத்தைத் தவிர வேறெங்கும் இல்லை. மார்லிஸ் பேனாவைக் கடித்தாள். பிறகு, மாநிலமே பார்க்கப் போட்டிருந்த நடு எண்ணை எழுதினாள். 1,450. கடிதத்தைப் படித்தவள் எவளாவது கடிதத்தைவிட ஐம்பது டாலர் குறைத்துப் போடுவாளா?

பதினொன்று ஐம்பதுக்குப் பட்டியல் வங்கிக்குப் போனது.

கோரின் மத்தியானம் வந்தாள். இந்தத் தடவை அவள் உட்காரக்கூட இல்லை. மார்லிஸ் வரைபடத்தின் முதுகைத் திருப்பிக் காட்டி, கழித்தலைப் படிப்படியாகச் சொன்னாள். மெரிக்கின் பத்தாயிரத்தில் கோரினுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பல்லைக் கடித்து அடக்கப் பார்த்தாள், முடியவில்லை.

"யார்கிட்டயும் சொல்லிடாதே," என்றாள் மார்லிஸ். இந்த வாக்கியத்தை அவள் வாழ்நாளில் சொன்னதைவிடக் கேட்டதுதான் அதிகம்.

சிரிப்பு அடங்கியதும் கோரினின் கண்ணும் அதே இடத்துக்குப் போனது. "சரி. நீங்க யாரும் ஒளிச்சு வைக்கல. ஒத்துக்கறேன். ஆனா என் புருஷன் ட்யூயிக்குக் கீழதான்."

"பன்னெண்டு மணி வரைக்கும்," என்று மார்லிஸ் பட்டியலின் நகலை நீட்டினாள்.

கோரின் அதை வாங்கிப் பார்த்தாள். அடித்த எண்ணை ஒரு தடவை, புது எண்ணை ஒரு தடவை.

"மாமாவுக்குத் தெரியுமா?"

"அஞ்சு மணிக்குத் தெரியும்."

"அஞ்சு மணிக்கா?"

"வேலை விட்டு வர நேரம் அதுதானே!"

"மார்லிஸ், நீங்க கடிதத்தைப் படிச்சுட்டீங்க."

"எந்தக் கடிதம்?"

"கோட்டுப் பையில கசக்கி வச்ச கடிதம் இஸ்திரி போட்ட மாதிரித் திரும்பி வந்துச்சே, அந்தக் கடிதம்."

மார்லிஸின் காது சிவந்தது. மடிப்பு கலைந்திருக்கிறதே என்று புத்தகத்தின் அடியில் வைத்து நீவியது அவள்தான். சுத்தமாக வேலை செய்கிற பழக்கம் மனுஷியை எங்கெல்லாம் காட்டிக்கொடுக்கிறது பாருங்கள்.

கோரின் கோபிக்கவில்லை. கதவுவரை போய் நின்று சொன்னாள்: "போகணும்னு லோவல் சொல்லல. நான்தான் சொன்னேன். பணத்துக்காக மட்டும் இல்ல. அவனை யாருமே ஒரு வேலைக்காரனா மதிச்சு எண்ணலியேன்னு."

"நானும் ஒரு காலத்துல அப்படித்தான் நினைச்சேன்," என்றாள் மார்லிஸ். வேறு ஏதாவது சேர்த்துச் சொல்லியிருக்கலாம். இரண்டு பேருக்கும் கூச்சமாக இருந்தது. பஸ் சாவி கலகலத்தது, கோரின் போய்விட்டாள்.

நாலே முக்காலுக்கு வண்டி வந்தது. ஆர்டன் முழங்கால்வரை சேறு, முகம் முழுக்கச் சந்தோஷம்.

"கிடைச்சுது! தொண்ணூத்து மூணுல வச்ச கல். ஆயிரத்து எண்ணூத்துத் தொண்ணூத்து மூணு! எல்லாரும் வேலிக்கிட்ட தோண்டினோம். இவன் பழைய குறிப்பைப் படிச்சுட்டு, மூணடி தள்ளித் தோண்டுங்கன்னான். அங்கேயே இருக்கு!"

"லோவல் எங்க?"

"வாசல்ல. யார்கூடவோ போன்ல பேசறான்."

மார்லிஸ் ஜன்னலுக்குப் போனாள். மகனின் முதுகு தெரிந்தது. முதுகைப் பார்த்தே சேதி சொல்லக் கூடியவள்தான், இன்றைக்கு ஒன்றும் பிடிபடவில்லை. மணி நான்கு ஐம்பத்து நான்கு.

லோவல் உள்ளே வந்து பூட்ஸைக் கழற்றினான். "வரலைன்னு சொல்லிட்டேம்மா."

"எங்கேப்பா?"

"நீ இஸ்திரி போட்டியே, அந்த ஊருக்கு." அவன் சிரித்தான். "எனக்குப் போகப் பிடிக்கல. அங்க போய்ப் புது வீட்டு மனைங்களுக்குப் பிளாஸ்டிக் கொடி நட்டுக்கிட்டு இருக்கணும். ஆனா கோரின்கிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் நாலு நாளா முழிச்சேன். நெடுஞ்சாலைக்கு வந்ததும் அவளே கூப்பிட்டு, 'நீ எதைச் சொன்னாலும் இப்ப எனக்குச் சரி'ங்கறா. என்ன ஆச்சு அவளுக்கு? காய்ச்சலா?"

மார்லிஸ் பதில் சொல்வதற்குள் ஆர்டன் மேசைமேல் இருந்த பட்டியலை எடுத்துவிட்டார். அடித்த எண்ணில் அவர் கண் நின்றது.

மார்லிஸ் மத்தியானத்திலிருந்து தயார் செய்து வைத்த பேச்சு ஒன்று இருந்தது. மாநில நிலவரம், மூன்று வருட ஏற்றம், நடு எண், டயப்பர் எல்லாம் அதில் வரும். வாயைத் திறந்தாள்.

"இது யாரு?" என்றார் ஆர்டன். அவர் விரல் கடைசி வரியில் இருந்தது.

"நான்."

"அறுநூறா?"

"பத்தொன்பது வருஷமா."

"யாரு சொன்னா அறுநூறுன்னு?"

"நீதான் சீட்டுல எழுதிக் குடுத்த. அப்புறம் நீயும் கேக்கல, நானும் சொல்லல."

ஆர்டன் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தார். அவர் லோவலின் வரிக்குத்தான் போகிறார் என்று மார்லிஸ் மூச்சைப் பிடித்தாள். பென்சில் அதைத் தாண்டி இறங்கியது. கடைசி வரியில் 600-ஐ அடித்துவிட்டு, பக்கத்தில் நிதானமாக, வரைபடத்தில் எழுதுவது போல அழகான எழுத்தில், 1,150 என்று எழுதினார்.

"அடுத்த தடவையிலேருந்து," என்றார். "லோவலோட பழைய எண் சும்மாதானே கிடக்கு."

லோவல் எட்டிப் பார்த்தான். அப்பாவையும் பட்டியலையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தான். மார்லிஸ் கைக்குட்டையைத் தேடுகிற சாக்கில் மேசையின் இழுப்பறைக்குள் தலையை விட்டுக்கொண்டாள். எல்லாருக்கும் பசி வந்துவிட்டதாக ஆர்டன் அறிவித்தார். இந்த வீட்டு ஆண்கள் இதற்குமேல் பேச மாட்டார்கள். அவளுக்கும் இதற்குமேல் வேண்டியிருக்கவில்லை.

அப்போது மஞ்சள் பஸ் வாசலில் வந்து நின்றது. கோரின் இறங்கி வரவில்லை. ஸ்டியரிங்கில் இருந்தபடியே, தலையைத் தலையை ஆட்டி, கையால் தெருவைக் காட்டி, மார்லிஸுக்கு ஏதோ சைகை செய்தாள். சாயங்காலம் பஸ் ஓட்டும்போது அவள் தனக்குத்தானே சிரித்ததையும், அந்த ரெண்டாங்கிளாஸ் வாண்டு விடாமல் கேட்கக் கழித்தலைச் சொல்லிவிட்டதையும், பஸ்ஸில் இருபத்திரண்டு ஜோடிக் காதுகள் இருந்ததையும் மார்லிஸ் பிற்பாடுதான் தெரிந்துகொள்ளப் போகிறாள்.

பஸ்ஸுக்குப் பின்னால் ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது. உயரமான ஒருவர் இறங்கினார். கையில் மூன்றாம் பக்கத்தில் மடித்த வாரப் பத்திரிகை. வாசல் மிதியடியில் இரண்டு தடவை காலைத் துடைத்துவிட்டு, மெரிக் உள்ளே எட்டிப் பார்த்தார்.

"வணக்கம். இந்த ஆபீஸ்ல ரொம்ப நல்லாக் கழித்தல் தெரிஞ்சவங்க ஒருத்தர் இருக்காங்களாமே, யாரு அது?"